நல்ல மனுசன்தான், ஆனா ஜெயிக்க மாட்டாரு

தமிழ்நாட்டில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்ற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்த வசனத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். "நல்ல மனுசனுங்க, காசு வாங்க மாட்டாரு, ராத்திரி கூப்பிட்டாலும் வருவாரு." அப்புறம் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஆனா ஜெயிக்க மாட்டாருங்க." கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். என் ஓட்டு உங்களுக்கு இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. 2011லும் 2022லும் கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியில் வார்டு வேலை பார்த்தவன் நான். கட்சிக் கார்டு கிடையாது, அனுதாபி. முதல் தடவை ஒரே ஒரு தெரு கைவிட்டதில் தோற்றோம், இரண்டாம் தடவை அதே தெரு கைகொடுத்ததில் ஜெயித்தோம். நடுவில் என்ன மாறியது என்று யோசித்ததில் தேறியதை அடுத்து நிற்கப் போகிற தோழர்களுக்காக எழுதி வைக்கிறேன். மற்ற கட்சிக்காரர்கள் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

முதலில் "நடுநிலை வாக்காளர்" என்றால் யார் என்று ஒரு முடிவுக்கு வருவோம். இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம், நடுவில் திண்ணையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்று நம் ஆட்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள், அதனால் கொள்கையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் வந்துவிடுவார் என்று ஒரு கோஷ்டியும், தண்ணீர் கலப்பது துரோகம் என்று இன்னொரு கோஷ்டியும் கிளைக் கூட்டத்தில் இரவு பதினொன்று வரை சண்டை போடுகிறார்கள். அப்படி ஒருவர் எங்கள் வார்டில் இல்லவே இல்லை. இருந்தது யார் என்றால், போன தடவை இலைக்கும் அதற்கு முந்தின தடவை சூரியனுக்கும் போட்ட ஒரு மளிகைக் கடை அக்கா, பாராளுமன்றத்துக்கு ஒருவர் கவுன்சிலருக்கு வேறொருவர் என்று பிரித்துப் போடும் ஒரு ரிட்டையர்டு வாத்தியார், யாருக்குப் போடுவது என்று காலையில் மாமியாரைக் கேட்டு முடிவு செய்யும் ஒரு மருமகள். இவர்களிடம் போய் ரேஷன் கடையை மூடிவிடலாமா, அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போடக் காசு வாங்கலாமா, பெண்களுக்கான இலவச பஸ்ஸை நிறுத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த விஷயங்களில் நம்மைவிட இடதுசாரியாக இருப்பார்கள். ஆகவே தண்ணீர் கலக்கும் வேலையே தேவைப்படாது.

அவர்களுக்கு இருப்பது இரண்டே சந்தேகம். இவருக்குப் போட்டால் என் ஓட்டு வீணாகுமா? வீணாகாமல் ஜெயித்தாலும் இவரால் ஏதாவது நடக்குமா, இல்லை சத்தம் மட்டும்தான் போடுவாரா? நேர்மை பற்றிய சந்தேகம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. நாம் என்ன செய்கிறோம் என்றால், மூன்று வாரம் முழுக்க அந்த இல்லாத சந்தேகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். "எங்கள் வேட்பாளர் எளிமையானவர், கறை படியாத கரத்துக்குச் சொந்தக்காரர்." தெரியும் தோழர், ஊருக்கே தெரியும்.

எளிமையும் நேர்மையும் மட்டும் ஓட்டு வாங்கித் தரும் என்றால் நல்லகண்ணு ஐயா 1999ல் கோவை மக்களவைத் தொகுதியில் தோற்றிருக்க மாட்டார். 2016 சட்டமன்றத் தேர்தலில் நாம் இருந்த மக்கள் நலக் கூட்டணிக்கு ஒரு இடம்கூட கிடைக்காமல் போனதே, அந்த வருடம் மட்டும் நம் ஆட்கள் கெட்டவர்களாகிவிட்டார்களா? 2024 மக்களவைத் தேர்தலில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் திமுக கூட்டணியில் வாங்கிய நான்கு இடத்திலும், திருப்பூர், நாகப்பட்டினம், மதுரை, திண்டுக்கல், நான்கிலும் ஜெயித்தார்கள். கூட்டணிக் கணக்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள்ளே ஒரு மனக்கணக்கும் இருக்கிறது. இவர் ஜெயிக்கிற ஆள் என்று தோன்றிய பிறகுதான் நல்ல மனுசன் என்பது ஓட்டாக மாறுகிறது.

நான் வார்டை வைத்தே பேசப் போகிறேன், காரணம் அங்கேதான் ஆளைப் பார்த்து ஓட்டு விழும். கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அங்கே இது இன்னும் அதிகம்.

பட்டியலும் பென்சிலும்

வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். வேட்பாளரே எடுக்க வேண்டும், இளைஞர் சங்கத் தம்பி எடுத்துக் கொடுத்ததைப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறியில் ஒன்று: நமக்கு, அவர்களுக்கு, தெரியாது. இங்கே நம் ஆட்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள். சிரித்து வரவேற்று மோர் கொடுத்த வீட்டையெல்லாம் "நமக்கு" என்று குறிப்பார்கள். 2011ல் அப்படித்தான் குறித்தோம். கூட்டிப் பார்த்தால் அமோக வெற்றி, பெட்டியைத் திறந்தால் வேறு கதை. அந்த மோர்க்காரர்கள் எல்லாக் கட்சிக்கும் மோர் கொடுத்திருக்கிறார்கள், வெயிலில் வந்தவருக்குக் கொடுப்பது நல்ல பண்புதானே. "உங்களுக்குத்தான் போடுவேன், எங்க தம்பி வீட்லயும் சொல்றேன்" என்று இன்னொருவரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நமக்கு. மற்றதெல்லாம் தெரியாது.

அந்தத் தெரியாது பட்டியல்தான் உங்கள் தேர்தல். நமக்குப் போடுகிறவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அரசியல் பேசுவது சுகமாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது ஓட்டு கேட்கிற வேலை கிடையாது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வருவது மாதிரி. உறுதியான வீட்டுக்கு ஒரு தடவை, அதுவும் நன்றி சொல்ல. எதிர் வீட்டுக்கு ஒரு தடவை, ஒரு வணக்கம், அவ்வளவுதான், விவாதம் செய்து யாரையும் மாற்ற முடியாது, பதிலுக்கு அவர்கள் சூடாகி இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுவார்கள். தெரியாது வீட்டுக்கு மூன்று தடவை.

அந்த மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. முதல் தடவை கேட்க மட்டும் போங்கள். நோட்டீஸ் வேண்டாம், மைக் வேண்டாம், பதினைந்து பேர் பறையோடு வேண்டாம். இரண்டே பேர், அதில் ஒருவர் பெண். சிவப்புத் துண்டைப் பேரணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இந்தத் தெருவுல எது சரியில்லீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது மிகவும் கஷ்டமான காரியம், குறிப்பாக நமக்கு. சாக்கடை அடைத்திருக்கிறது என்று அந்த அம்மா ஆரம்பித்தவுடனே ஒன்றிய அரசின் நிதிப் பகிர்வுக்குத் தாவிவிடும் தோழர் ஒருவர் எங்களிடம் இருந்தார், நல்ல படிப்பாளி, அவரைத் தயவாகக் கேட்டுக்கொண்டு பூத் கமிட்டிக் கணக்கு எழுத வைத்தோம். சொல்வதை ஒரு நோட்டில் அவர்கள் கண் முன்னாலேயே எழுதுங்கள், கம்பத்து எண், குழாய் இருக்கும் இடம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், எல்லாம்.

இரண்டாம் தடவை பதிலோடு போங்கள். நான் இரண்டாவது சந்தேகம் என்று சொன்னேனே, இவரால் ஏதாவது நடக்குமா என்பது, அது இந்த இடத்தில்தான் தீரும். வேட்பாளர் இன்னும் கவுன்சிலர் ஆகவில்லை, ஆனால் மனு கொடுக்க யாருக்கும் தடை இல்லை. அந்த அம்மா சொன்ன தெருவிளக்குக்கு மனு எழுதி, வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகையோடு போய்க் காட்டுங்கள். எரிந்துவிட்டால் பேச்சே தேவையில்லை. எரியாவிட்டாலும், "அக்கா, இன்னிக்கு இத்தனாவது நாள், மறுபடி போறேன்" என்று சொல்கிற ஆளை ஜனங்கள் அதிகம் பார்த்ததில்லை. முடியாததை முடியாது என்றும் சொல்லுங்கள். பட்டா பிரச்சினை கவுன்சிலர் கையில் இல்லை, அது வருவாய்த் துறை என்று நாங்கள் ஒரு வீட்டில் சொன்னோம். அந்த வீட்டு ஓட்டு போய்விட்டது என்று நினைத்தோம், போகவில்லை, "இவன் ஒருத்தன்தான்டா பொய் சொல்லல" என்று அந்தப் பெரியவர் மூன்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தடவை ஓட்டு கேட்பதற்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டீஸில் எதை அடிக்கலாம்

இது என் பழைய ஆதங்கம், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். நம் நோட்டீஸ் ஒன்றை எடுத்து மளிகைக் கடை அக்காவிடம் கொடுத்து, புரியாத வார்த்தைக்கெல்லாம் கீழே கோடு போடச் சொல்லுங்கள். நவதாராளமயம், நிதி மூலதனம், ஏகாதிபத்தியம், ஜனநாயக சக்திகள், வெகுஜனப் போராட்டம், கார்ப்பரேட் நலன். கோடு போடாத வரி எது என்று பார்த்தால் அச்சகத்தின் பெயர்தான் மிஞ்சும். இந்த வார்த்தைகள் பொய் என்று சொல்லவில்லை, அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கே சில வருடங்கள் ஆயின. ஆனால் அது நமக்குள் பேசும் பாஷை. டாக்டர்கள் தங்களுக்குள் ஒன்று பேசிக்கொண்டு நம்மிடம் "வாயுப் பிடிப்பு" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் மாநகராட்சியின் குடிநீர் விநியோக வேலை சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு 26 வருட ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது, இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அதைப் "பன்னாட்டு மூலதனத்தின் நீர்ச் சுரண்டல்" என்று பேசினால் கை தட்டுவதற்கு நம் ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். "உங்க வீட்டுக் குழாய்க்கு மீட்டர் வரும், கட்டணம் எவ்வளவுன்னு நாளைக்கு யாரு தீர்மானிப்பாங்க? குழாய் உடைஞ்சா கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவீங்களா, கம்பெனி நம்பருக்குப் போன் போடுவீங்களா?" என்று கேட்டால், இலைக்குப் போட்டவரும் நின்று கேட்பார். எதிர்ப்பு அதேதான், ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

இன்னொன்று, நம் வரலாறு. வெண்மணியில் எரிக்கப்பட்ட கூலி விவசாயிகள், வாச்சாத்தியில் கொடுமைக்கு ஆளான பழங்குடி மக்கள், உத்தப்புரம் தீண்டாமைச் சுவர், இவற்றுக்காக நாம் நின்றதெல்லாம் பெருமைப்பட வேண்டியவைதான், நாகை பக்கம் ஒரு வயலோரத்தில் நின்று வெண்மணி எரிந்த 1968 டிசம்பர் 25 என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அதையே பனியன் கம்பெனி லைன் வீட்டில், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கப் போகிறவரிடம் ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். அவருக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். மதுரையில் வில்லாபுரம் பகுதிக் கவுன்சிலராக 1996ல் ஜெயித்த லீலாவதி குடிநீருக்காக நின்று 1997 ஏப்ரல் 23ல் வெட்டிக் கொல்லப்பட்டார். வார்டு கவுன்சிலர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவருக்கு அந்தக் கதை புரியும், ஏனென்றால் அதில் குழாயும் குடமும் இருக்கின்றன. அதையும் மேடையில் கத்தாமல் வீட்டு வாசலில் தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டும்.

சின்னம் பற்றி ஒரு சின்ன விஷயம். கதிர் அரிவாளா, அரிவாள் சுத்தியல் நட்சத்திரமா என்பதில் வாக்காளர் குழம்புவார், "எல்லாம் ஒரே கம்யூனிஸ்ட்தானே" என்பார். ஆமாம் என்று சொல்லி உங்கள் சின்னத்தின் படத்தைக் காட்டுங்கள். 1964ல் ஏன் பிரிந்தோம் என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். கண் முன்னால் ஒரு ஓட்டு அப்படிப் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

சின்ன முதலாளி

நமக்குப் பேசவே தெரியாத ஒரு வாக்காளர் கூட்டம் உண்டு. நேற்று வரை தொழிலாளி, இன்று நான்கு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர். இரண்டு விசைத்தறி வைத்திருப்பவர், லேத்துப் பட்டறைக்காரர், மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஹோட்டல்காரர். கொங்கு மண்டலத்தில் தெருவுக்குத் தெரு இவர்கள்தான். நம் வேன் வரும்போது "முதலாளித்துவமே" என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தால் இவர் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார். உண்மையில் இவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மூன்று மாதம் இழுத்தடிப்பவர்தான் முதலாளி, இவர் வாங்கிய மெஷினுக்கு மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்.

2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது இவர்கள்தான் அலறினார்கள், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம், அப்புறம் பீக் ஹவர் கட்டணம். சங்கம் சங்கமாகத் தெருவுக்கு வந்தார்கள், கடை அடைத்தார்கள். நூல் விலை ஏறினால் அடி, ஜிஎஸ்டி ரீஃபண்டு தாமதமானால் அடி. இதைப் பற்றியெல்லாம் நம் ஆட்கள் அறிக்கை விட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய் உட்கார்ந்தவர்கள் குறைவு. அந்த ஏற்றத்துக்கு முன்பே, 2022 பிப்ரவரித் தேர்தலின்போது, எங்கள் வேட்பாளர் செய்தது இதுதான்: பன்னிரண்டு பட்டறைகளுக்குப் போய் அவர்களுடைய மின்சார பில்லை வாங்கிப் பார்த்து, எந்தக் கட்டணம் எதற்கு என்று கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். (முன்னாள் மில் கிளார்க், கணக்கில் புலி.) அதில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்களோ தெரியாது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் "ஸ்ட்ரைக் பார்ட்டி" என்று சொல்லவில்லை, அது எனக்கே தெரியும்.

கூலி விஷயத்தில் என்ன சொல்வது என்ற சங்கடம் வரும். அவர் பட்டறையில் வேலை செய்யும் பெண்ணும் உங்கள் வாக்காளர்தான். இரண்டு பேரிடமும் இரண்டு மாதிரி பேசினால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், ஒரே தெரு. "கூலி உயர்வைக் கேட்பேன், உங்களுக்கு ரேட்டு ஏத்தித் தரச் சொல்லி மேலே இருக்கிற எக்ஸ்போர்ட்காரரிடமும் கேட்பேன்" என்று இரண்டு வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் பொய்யில்லை.

கூசாமல் கேட்பார்கள்

சில கேள்விகள் எப்படியும் வரும், பதிலை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

"ஸ்ட்ரைக் பண்ணியே மில்லையெல்லாம் மூடினது நீங்கதானே?" இதற்குக் கோபப்படுகிறவர் தோற்றார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் ஆரம்பித்து 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது, அப்போதும் கம்பெனி ஓடிவிடும் என்றுதான் வாட்ஸாப்பில் சுற்றியது. தொழிலாளர்கள் முக்கியமாகக் கேட்டது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம், வேலைநிறுத்தம் முடிந்தது, ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், 2025 ஜனவரியில் சங்கம் பதிவும் ஆனது. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, "உங்க பையன் அங்க வேலைக்குப் போனா, ஒரு குறைன்னா யாருகிட்ட சொல்லுவான்?" என்று கேளுங்கள். பையன் என்றவுடன் பேச்சின் நிறம் மாறும்.

"நீங்க திமுகவுக்கு ஜால்ராதானே?" அந்தக் கட்சியைப் பிடிக்காத, ஆனால் உங்களைப் பிடித்த ஒருவர் கேட்கும் கேள்வி இது. தங்கமான வாக்காளர், விட்டுவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கூட்டணியில் இருந்துகொண்டே இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள், மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சரே அறிவித்தார். தேதியோடு சொல்லுங்கள். கூட்டணித் தலைவரைத் திட்டி நல்ல பெயர் வாங்கப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அது மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"25 கோடி வாங்கினீங்களாமே?" 2019 தேர்தல் செலவுக் கணக்கில் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்தில் காட்டியிருந்தது. இதற்கு மழுப்பினால் உங்கள் ஒரே சொத்தும் போய்விடும். ஆமாம், வங்கி வழியாகத் தேர்தல் செலவுக்கு வந்தது, கணக்கில் இருக்கிறது என்று கட்சிகள் சொன்ன பதிலை நேராகச் சொல்லுங்கள். உங்களுக்கே அதில் வருத்தம் இருந்தால் அதையும் சொல்லலாம். எனக்கு வருத்தம்தான். உண்டியல் குலுக்கிய கை என்று பெருமை பேசிவிட்டு அதை வாங்கியிருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"சாமி கும்பிட மாட்டீங்களாமே?" வேட்புமனு அன்றைக்கு மட்டும் திடீரென்று பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வருவது படுகேவலம், ஜனங்கள் சிரிப்பார்கள். கும்பிடுகிறவர் என்றால் எப்போதும் போலக் கும்பிடுங்கள், நம் கட்சிக் குடும்பங்களில் பாதி பேர் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான். கும்பிடாதவர் என்றால், "நான் கும்பிடறதில்லைங்க, ஆனா தேர் வர்ற ரோட்டுல பள்ளம் இருந்தா அது என் வேலை" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டுப் பூசாரி ஒருவர் எங்கள் வேட்பாளருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஓட்டு யாருக்குப் போட்டாரோ, அது அம்மனுக்குத்தான் தெரியும்.

காசு

நாம் கொடுப்பதில்லை, மற்றவர்கள் கொடுப்பார்கள். அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் 2016ல், ஆர்.கே.நகர் 2017ல், வேலூர் 2019ல் இந்தக் காசு விவகாரத்தால்தான் தள்ளிப்போயின அல்லது ரத்தாயின, அந்த அளவுக்குப் பழகிவிட்ட விஷயம். நம் பேச்சாளர்கள் இதில் செய்யும் பெரிய தப்பு, வாங்குகிறவரைத் திட்டுவது. "ஐந்நூறு ரூபாய்க்கு ஐந்து வருடத்தை விற்கிறீர்களே" என்று மைக்கில் கேட்கும்போது, அந்த ஐந்நூறில் கேஸ் சிலிண்டருக்கு மீதிப் பணம் கட்டிய பெண் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அவமானமாக இருக்காதா? அந்த அவமானத்தோடு அவர் நமக்கு எப்படிப் போடுவார்? கொடுக்கிறவனைத் திட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். வாசலில் பேச்சு வந்தால், ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிட்டு நகருங்கள். சத்தியம் வாங்குகிறார்கள், கற்பூரம் அடிக்கிறார்கள், பயம் நிஜமான பயம், அது போக ஒரு தடவை சொன்னால் போதாது.

பக்கத்து வீடுகள்

கேரளாவில் 2019 மக்களவைத் தேர்தலில் 20ல் ஒன்றுதான் இடது முன்னணிக்கு, ஆலப்புழை மட்டும். சபரிமலை விவகாரத்தில் நம்பிக்கையுள்ள குடும்பங்கள் விலகிப் போயிருந்தன. அந்த ஜூலையில் தலைவர்களே வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து 2021 சட்டமன்றத்தில் 140க்கு 99. அந்த ஒரு காரியத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வந்த உணவுப் பொருள் பைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2024 மக்களவையில் மறுபடி ஒன்றே ஒன்று. அங்கே இன்னொரு பழக்கம் இருக்கிறது, கட்சி உறுப்பினர் இல்லாத ஊர்ப் பெரியவர்களை, வியாபாரிகளை, பேராசிரியர்களை இடது சுயேச்சையாக நிறுத்துவது. கட்சி என்றால் தயங்குகிறவர் ஆளைப் பார்த்துப் போடுகிறார். நம் ஊரில் இதைச் சொன்னால் "இருபது வருஷமா கொடி பிடிச்சவன் என்ன ஆவான்" என்ற கேள்வி வரும், நியாயமான கேள்விதான், ஆனால் பதில் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும்.

இலங்கைதான் இதில் ஆச்சரியம். 1971லும் 1987 முதல் 89 வரையும் ஆயுதம் எடுத்த இடதுசாரிக் கட்சியான ஜேவிபி, 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு வாங்கியது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். 2024 செப்டம்பரில் 42 சதவீதம், ஜனாதிபதி. நவம்பரில் 225க்கு 159 இடம். நாடே திவாலாகி மக்கள் தெருவுக்கு வந்த 2022 இல்லாமல் இது நடந்திருக்காது, அதை யாரும் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது. ஆனால் அந்த அலை வந்தபோது ஏறுவதற்குத் தயாராக ஒரு படகு வைத்திருந்தார்கள். பழைய மணிச் சின்னத்தை விட்டுவிட்டு, தேசிய மக்கள் சக்தி என்ற பெயரும் திசைகாட்டிச் சின்னமும். கட்சிக்கு வெளியிலிருந்து வந்த ஹரிணி அமரசூரிய என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் பிரதமர். வியாபாரிகளோடும் ஓய்வு பெற்ற படையினரோடும் தனித்தனிக் கூட்டம், ஐஎம்எஃப் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவோம் என்று சொல்லாமல் பேசி மாற்றுவோம் என்ற நிதானம். அந்தக் கட்சியை நம்பாமல் இருக்க நூறு காரணம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தில்கூட 6க்கு 3 இடம். அங்கே தமிழ்க் கட்சிகள் சிதறிக் கிடந்ததும் காரணம், இருந்தாலும் சிதறிய ஓட்டு சும்மா வந்துவிடாது, கதவைத் தட்டியவருக்குத்தான் வரும்.

கடைசி வாரம்

இப்போது மூன்றாம் தடவை. இந்தத் தடவை ஓட்டைக் கேளுங்கள், வாய்விட்டு. "ஆதரவு தாருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், "அக்கா, உங்க ஓட்டும் அண்ணன் ஓட்டும் எனக்கு வேணும்." கேட்காததால் போகும் ஓட்டு நமக்கு ரொம்ப அதிகம், கூச்சம்.

முதல் சந்தேகத்தை, ஜெயிப்பாரா என்பதை, இங்கேதான் உடைக்க வேண்டும். "வெற்றி நிச்சயம்" என்று சுவரில் எழுதினால் யாரும் நம்புவதில்லை, எல்லோரும்தான் எழுதுகிறார்கள். போன தடவை இந்த வார்டில் யாருக்கு எத்தனை விழுந்தது, எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள். "இந்தத் தெருவுல பத்து வீடு மாறினா கதை மாறும், நீங்க பதினோராவது வீடு" என்றால் அது கணக்கு. அதைவிடப் பெரியது, கட்சிக்காரர் அல்லாத மூன்று பேர். எங்களுக்கு ரிட்டையர்டு வாத்தியார், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பி, மளிகைக் கடை அக்கா. அந்த அக்கா கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, "இந்த வாட்டி இவருதான் போல" என்று தினம் ஐம்பது பேரிடம் சொன்னதற்கு ஈடாக எந்தத் தெருமுனைக் கூட்டமும் இல்லை. அவரிடம் நாங்கள் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. கடைக்கு முன்னால் இருந்த சாக்கடைப் பலகையை இரண்டாவது வாரமே மாற்றிக் கொடுத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஓட்டு நாளில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டியலை எடுத்து, தெரியாதில் இருந்து நமக்கு மாறியவர்களில் யார் இன்னும் வரவில்லை என்று பாருங்கள். உறுதியான வீடுகள் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றிருக்கும். இவர்கள் சமையல் முடித்து, துணி துவைத்து, சாயங்காலம் போகலாம் என்று இருப்பார்கள், சாயங்காலம் மழை வரும், இல்லை விருந்தாளி வருவார். ஒரு பெண் தோழர் போய் வாசலில் நின்று, "அக்கா, நான் போறேன், வரீங்களா சேர்ந்து போலாம்" என்றால் போதும்.

முடிவு எப்படி வந்தாலும் அடுத்த நாள் அதே நோட்டோடு அதே தெருவுக்குப் போங்கள். 2011ல் தோற்ற மறுநாள் நாங்கள் போகவில்லை, முகம் கொடுக்க வெட்கமாக இருந்தது, நோட்டில் பதினேழு வேலை பாக்கி. 2022ல் முதல் தடவை கேட்கப் போனபோது ஒரு பாட்டி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டது, "போன வாட்டி எழுதிட்டுப் போனீங்களே கண்ணு, அந்தக் குழாய் என்னாச்சு?"